ஞாயிற்றுக்கிழமை இலை போடப்போவதில்லை

தம்பி,

நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. நன்றாகத்தான் இருக்கிறாய் என்று உன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸே சொல்கிறது. ஓசூரில் வாடகைக்குப் பிடித்திருக்கும் புது வீட்டின் சமையலறையில், பாத்திரம் கழுவும் மெஷின் வரப்போகிற இடத்துக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாய். கீழே, ‘இனி இந்த வீட்டில் யாரும் பாத்திரம் தேய்க்க வேண்டாம்’ என்று எழுதியிருக்கிறாய். அந்த ‘யாரும்’ யார் என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். நீ இதுவரை தேய்த்ததில்லை. உங்கப்பா தேய்த்ததில்லை. ஆகவே நீ விடுதலை கொடுத்திருப்பது இன்னும் அந்த வீட்டுக்குள் கால் வைக்காத ஒரு பெண்ணுக்கு. அவள் கேட்காமலே. நூறு பேராவது அதற்குக் கைதட்டியிருப்பார்கள். அவர்களில் எத்தனை பேர் சாப்பிட்ட தட்டை எடுத்துப் போடுகிறவர்கள் என்று எனக்குத் தெரியாது. ஊகிக்க மட்டும் முடிகிறது.

போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால், “மீட்டிங்ல இருக்கேம்மா, அப்பறம் கூப்புடுறேன்” என்பாய். அந்த அப்பறம் வருவதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு உங்கப்பாவுக்கும் அனுப்பு. வேறு யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபணையில்லை. மகனுக்குப் பெண் பார்த்து முடித்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் படித்தால் இன்னும் நல்லது.

விஷயம் இதுதான். புதன்கிழமை சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் சேலைகூட மாற்றவில்லை, நிவேதா கூப்பிட்டாள். வரும் ஞாயிற்றுக்கிழமை அவளும் அவள் அப்பா அம்மாவும் மீன்சுருட்டியிலிருந்து நம் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள், சாப்பிட்டுவிட்டுக் கல்யாணத்துக்கு நாள் குறிக்கப்போகிறோம் என்பது உனக்குத் தெரியும். அதைப்பற்றித்தான் ஏதோ கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

“அத்தை, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்கள்ல?” என்றாள்.

“கேளும்மா.”

“அன்னிக்கு அந்த மெஷின்ல நடந்துச்சே. அதையே நெனச்சிக்கிட்டு இருக்கேன். அவருக்கு நெசமாவே தெரியலையா, இல்ல தெரிஞ்சும் நமக்கு எதுக்குன்னு இருக்காரா?”

அவளே தொடர்ந்தாள். “தெரியலைன்னா ஒண்ணும் இல்லத்தை. எனக்குந்தான் பாதி விஷயம் தெரியாது, சேந்து கத்துக்கலாம். ரெண்டாவதுதான்னா, நாள் குறிக்கிறதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சிடணும். நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னுதான் உங்ககிட்ட கேக்குறேன்.”

“ஞாயித்துக்கெழம சொல்றேம்மா” என்று போனை வைத்துவிட்டேன். அரியலூரில் ஒரு வங்கிக் கிளையில் கவுன்ட்டரில் உட்காருகிற பெண் அவள். கல்யாணத்துக்காக ஓசூருக்கு மாற்றல் எழுதிக் கொடுத்திருக்கிறாள். நகை என்ன, மண்டபம் எது என்று அவள் கேட்கவில்லை. கேட்டது ஒரே கேள்வி. அதற்கான பதில் என்னிடம் இருக்கிறது என்பதுதான் என் கஷ்டம். அந்தப் பதில் உனக்குச் சாதகமாக இல்லை என்பது உன் கஷ்டம். நடந்ததை நீ உனக்கு வசதியாக மறந்திருப்பாய் என்பதால் வரிசையாகச் சொல்கிறேன்.

இந்தப் பாத்திரம் கழுவும் மெஷின் பெரம்பலூரில் நம் வீட்டுக்கு வந்த கதையே ஒரு கூத்து. திருச்சியில் அந்தக் கடைக்கு என்னையும் உங்கப்பாவையும் கூட்டிக்கொண்டு போனாய். விற்பவர் கதவைத் திறந்து காட்டினார். உள்ளே பீங்கான் தட்டுகள், ஒன்றுக்கொன்று இடம் விட்டு, விளம்பரத்தில் சிரிக்கிறவர்களின் பல்வரிசை போல நின்றன. ஒரு தட்டிலும் ஒரு சொட்டு ரசம் பட்டதில்லை. “இட்லிப் பானைய எங்க வைக்கிறது?” என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் உன்னைப் பார்த்தார். நீ, “அதெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்மா” என்றாய். பாத்திரம் அடுக்கும் கம்பித்தட்டுகள் இரண்டில் கீழ்த்தட்டின் நடுவில் முளைபோல நின்ற ஒன்றைக் காட்டி அது என்ன என்று கேட்டேன். “டவர் ஸ்பிரே மேடம். மேல்தட்டுக்கு இதுலேந்துதான் தண்ணி பீச்சும். லேட்டஸ்ட்” என்றார். லேட்டஸ்ட் என்ற சொல் காதில் விழுந்ததும் நீ தலையாட்டிய வேகம் இருக்கிறதே, பரீட்சை ஹாலில் பதில் கிடைத்த பிள்ளைகள்கூட அப்படி ஆட்ட மாட்டார்கள். அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன், அது இருப்பதிலேயே பழைய முறைகளில் ஒன்று. உங்கப்பா தன் பங்குக்குக் கதவைத் தட்டிப் பார்த்து, “தகடு நல்ல கனம்” என்றார். இரண்டு ஆண்கள் ஒரு மெஷின் வாங்கி முடித்தார்கள். அதில் தினமும் பாத்திரம் போடப்போகிறவள் பில் போடும் இடத்தில் நின்று மின்விசிறியை வேடிக்கை பார்த்தாள்.

வந்த அன்றே நீங்கள் இருவரும் முதல் லோடு போட்டீர்கள். லோடு என்றுதான் சொல்ல வேண்டும். பெரம்பலூரில் சிமென்ட் கடை வைத்திருக்கும் உங்கப்பாவுக்கு அடுக்குவதில் ஒரு கர்வம் உண்டு. லாரியில் மூட்டை ஏறினால் நடுவில் விரல் நுழையக் கூடாது, அதுதான் அவருடைய கணக்கு. அதே கணக்கை இங்கும் போட்டார். பெரிய குண்டானுக்குள் நடுக்குண்டான், நடுக்குண்டானுக்குள் சின்னக் குண்டான், சின்னக் குண்டானுக்குள் டம்ளர்கள். நம் அலமாரியில் கழுவிய பாத்திரத்தை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு வைப்போமே, அப்படியே. எல்லாம் வாயை மேலே பார்த்துக்கொண்டு. “இன்னும் எடம் கெடக்குடா தம்பி, அந்த வாணலியக் கொண்டா, தோசக்கல்ல சைடுல சொருவு” என்று அவர் சொல்லச் சொல்ல நீ எடுத்துக் கொடுத்தாய். “ரெண்டு நாள் பாத்திரம் ஒரே லோடுல போயிடுச்சு பாத்தியா!” என்று என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. பொறியியல் படித்த மகனும் பொருள் ஏற்றிப் பழகிய அப்பாவும் சேர்ந்து, தண்ணீர் நுழைய ஒரு வழிகூட மிச்சம் வைக்காமல் அந்தப் பெட்டியை அடைத்தீர்கள்.

திறந்தபோது என்ன இருந்தது என்று நினைவிருக்கிறதா? ஒவ்வொரு குண்டானும் ஒரு கிணறு. கலங்கிய வெந்நீரில் கறிவேப்பிலை மிதந்தது. பெரிய குண்டானின் அடிப்புறம், அதாவது அடுப்பில் உட்காரும் வெளிப்பக்கம், கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. உள்ளே பருப்பு, காய்ந்த சிமென்ட் பாலைப்போல ஒட்டிக்கொண்டிருந்தது. தோசைக்கல்லில் துரு. உங்கப்பா குண்டானுக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்து, நாடி பிடித்த வைத்தியரைப்போல, “மெஷினு சரியில்லடா” என்றார். நீயும் “சர்வீஸ் ஆளக் கூப்பிடணும்ப்பா” என்றாய். பிறகு இருவரும் டீ குடிக்கப் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்விட்டீர்கள். நான் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, அழுக்குத் தண்ணீரைக் கொட்டி, கையால் தேய்த்துக் கவிழ்த்தேன். மெஷின் வந்த முதல் நாள் எனக்கு வழக்கத்தைவிட இருமடங்கு வேலை.

நான் இயற்பியல் படித்தவள், பன்னிரண்டாம் வகுப்புக்கு அதையே சொல்லித் தருகிறவள் என்பதை நம் வீட்டில் எல்லோரும் மறந்துவிடுவது வழக்கம். மறுநாள் ஒரு முக்காலியைப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தேன். கீழ்த்தட்டை வெளியே இழுத்தால் அடியில் ஒன்று, மின்விசிறி இறக்கைபோல, படுத்திருக்கிறது. அதில் வரிசையாகத் துளைகள். நுனியில் இருக்கும் துளைகள் மட்டும் சாய்வாக இருக்கின்றன. தண்ணீர் ஒரு பக்கமாகச் சீறும்போது இறக்கை மறுபக்கம் தள்ளப்படுகிறது. தீபாவளிக்கு நீ விடுவாயே சங்குசக்கரம், அதே சங்கதி. அதைச் சுற்ற மோட்டார் கிடையாது, தண்ணீரின் உதைதான். அதனால் ஒரு கரண்டிக் காம்பு குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தாலே போதும், நின்றுவிடும். நின்ற இடத்தில் ஒரே தட்டை முக்கால் மணி நேரம் அடித்துக்கொண்டிருக்கும், மற்றவை வெறும் ஆவியில் நிற்கும். காதைக் கொடுத்தாலே தெரியும். சுற்றினால் சளக், சளக் என்று தாளம் தப்பாமல் வரும். நின்றுவிட்டால் ஒரே பக்கம் சோவென்று இரையும். நீங்கள் இருவரும் அன்றைக்கு அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டே கிரிக்கெட் பார்த்தீர்கள்.

பிறகு ஒவ்வொன்றாகப் புரிந்தது. பெட்டி சதுரம், இறக்கை சுற்றுவது வட்டம். ஆகவே நான்கு மூலைகளுக்கும் தண்ணீர் குறைவு. அழுக்கு அதிகமானதை நடுவில் வைக்க வேண்டும். ஆனால் நம் மெஷினில் நடுவில்தான் அந்த முளை நிற்கிறது. ஓட ஆரம்பித்ததும் அது உயர்ந்து தூணாகி மேல்தட்டுக்குத் தண்ணீர் பீய்ச்சும். அந்தத் தூணுக்காகக் கீழ்த்தட்டின் மிக நல்ல இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. தட்டு மட்டும் கழுவுகிறவர்களுக்கு அது பொருட்டில்லை, தட்டைத் தூணுக்கு இரண்டு பக்கமும் நிறுத்திவிடலாம். குண்டானை எப்படி இரண்டாகப் பிளப்பது? வேறு வகை மெஷின்களில் மேல்தட்டுக்கு அடியிலேயே தனியாக இன்னொரு இறக்கை இருக்கிறது. அதற்கான குழாய் பின்சுவரை ஒட்டி மேலே போய்விடும், கீழ்த்தட்டு முழுசாகக் காலி. சிலவற்றில் கூரையில் மூன்றாவது இறக்கை. சிலவற்றில் பெரிய இறக்கையின் நுனியில் ஒரு குட்டி இறக்கை தானும் சுற்றி மூலை வரை எட்டுகிறது. பின்சுவரில் வாணலிக்கென்று நேராக அடிக்கும் துளைகள் வைத்ததும் உண்டு. அடி பலமாக இருக்கும், ஆனால் அந்தப் பக்கம் முழுக்க வாணலிக்கு எழுதி வைத்துவிட வேண்டும், தட்டு வைக்க முடியாது. மேல்தட்டை உயர்த்தினால் கீழே இட்லிப் பானை நிற்கும், மேலே உயர டம்ளர் இடிக்கும். எதைக் கூட்டினாலும் இன்னொன்று குறைகிறது. தண்ணீருக்கும் நடக்க இடம் வேண்டும் என்கிற எளிய விஷயம். இதற்குப் பட்டம்கூடத் தேவையில்லை, குனிந்து பார்த்தால் போதும். குனிவதில்தான் உங்களுக்குக் கஷ்டம்.

அதற்குப் பிறகு மெஷின் ஒழுங்காக ஓடியது. எல்லாவற்றையும் கவிழ்த்து, வாய் இறக்கையைப் பார்க்கும்படி வைத்தேன். பெரிய குண்டானைத் தூணுக்குப் பக்கத்தில் சாய்த்து, அது ஒன்றுக்காக நாலு தட்டை அடுத்த முறைக்குத் தள்ளினேன். நம் போர்த் தண்ணீரின் உப்பு படிந்து துளைகள் அடைத்துக்கொள்ளும். தாளித்த கடுகு ஒன்று போய் உட்கார்ந்துவிடும். இறக்கையைக் கழற்றி ஈர்க்குச்சியால் குத்திச் சுத்தம் பண்ணினேன். பாத்திரங்கள் பளிச்சென்று வந்தன. அதைப் பார்த்த உங்கப்பா, “பாத்தியா, மெஷினு செட் ஆயிடுச்சு” என்றார். தானாகவே ஆகிவிட்டதாம். அந்தச் செய்தியைத்தான் அவர் உனக்குப் போனில் சொன்னார். நீயும் நம்பி, அதே மெஷினை ஓசூருக்கும் சொல்லிவைத்தாய்.

போன மாதம், பூ வைத்த பிறகு முதல்முறையாக நிவேதாவும் அவள் அம்மாவும் நம் வீட்டைப் பார்க்க வந்த அன்று, சாப்பாடு முடிந்ததும் நான் பாத்திரங்களை அடுக்கத் தொடங்கியிருந்தேன். நீ வந்து, “அம்மா, நீ நவுரு. நான் காட்டுறேன்” என்றாய். நகர்ந்தேன். சாம்பார்க் குண்டானை நிமிர்த்தி வைத்தாய். பெரிய தாம்பாளத்தைக் கொண்டுபோய்ச் சரியாக அந்தத் தூணின் தலையில் கவிழ்த்தாய். சோற்றுக் கரண்டியைச் செருகிய வேகத்தில் அதன் காம்பு கீழ்த்தட்டின் கம்பிகளுக்கு நடுவே இறங்கிக் கீழே தொங்கியது. நான் பார்த்தேன். சொல்லவில்லை. சம்பந்தியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “ஏன் மாப்ள, தாம்பாளத்தக் கொடயாட்டம் புடிச்சிருக்கீங்க? மேல இருக்குற டம்ளருக்கு மழ படக்கூடாதுன்னா?” என்றார். நீ சிரித்தாய். “உள்ள பயங்கர பிரஷர் அத்தை, எல்லாம் போயிடும்” என்றாய். எல்லோரும் காப்பி குடித்து, உன் சின்ன வயசுப் படங்களைப் பார்த்து முடிக்கும்வரை சோவென்று ஒரே இரைச்சல். எனக்குத் தெரிந்துவிட்டது. உனக்கும் காது இருந்தது.

கதவைத் திறந்தாய். டம்ளர்களில் மோர் வளையம் போட்டது போட்டபடி. குண்டானில் சாம்பார்த் தண்ணீர், மேலே ஒரு முருங்கைக்காய்த் துண்டு. சம்பந்தியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, “குளிப்பாட்டுனது சரிதான் மாப்ள, சோப்பு போட மறந்துட்டீங்களோ?” என்றார். உங்கப்பா, “வோல்டேஜ் கம்மி இன்னிக்கு” என்று கரண்டின் மேல் பழியைப் போட்டார். நிவேதா சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்தாள். கீழ்த்தட்டுக்கு அடியில் விரலை விட்டு அந்த இறக்கையை மெல்லச் சுற்றினாள். டக். கரண்டிக் காம்பில் இடித்து நின்றது. இன்னொரு முறை சுற்றினாள். டக். “இங்க இடிக்குது பாருங்க” என்று உன்னைப் பார்த்துச் சொன்னாள். கேலியாகச் சொல்லவில்லை, காட்டினாள், அவ்வளவுதான். நீ குனியவே இல்லை. நின்றபடியே, “அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீ வந்து பழகிக்கிட்டா செட் ஆயிடும்” என்றாய்.

“நானா?” என்றாள்.

நீ சிரித்தாய். “பின்ன யாரு, அவனா?” என்று உங்கப்பாவும் சிரித்தார். சம்பந்தியம்மாகூடக் கொஞ்சம் சிரித்தார். நிவேதா சிரிக்கவில்லை. கரண்டியை உருவி சிங்க்கில் போட்டாள். கையைக் கழுவிக்கொண்டு போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்கு நடந்தது இவ்வளவுதான். உனக்கு இது ஒரு சம்பவமே இல்லை. அவளுக்கு இதுதான் சம்பவம்.

இப்போது அவள் கேள்விக்கு வருகிறேன். தெரியவில்லையா, நமக்கு எதற்கு என்று இருக்கிறாயா? தெரியவில்லை என்று சொல்லிவிடத்தான் எனக்கும் ஆசை. அம்மாக்கள் அப்படித்தான் சொல்வார்கள். ‘ஆம்பளப் புள்ள, அவனுக்கு இதெல்லாம் என்னம்மா தெரியும்’ என்று ஒரு வரி போதும், எத்தனையோ வீட்டில் கல்யாணம் நடந்துவிடுகிறது. ஆனால் போன தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது நடந்தது என் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. இரண்டு சக்கர வண்டித் தொழிற்சாலையில் பெயிண்ட் அடிக்கும் பிரிவில் உனக்குப் பதவி உயர்வு வந்திருந்தது. சாப்பிட்டுக்கொண்டே எனக்குப் பாடம் எடுத்தாய். ஒரு அப்பளத்தைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, “இது பார்ட்டுன்னு வச்சிக்கம்மா” என்றாய். “ஸ்பிரே வளைஞ்சி போவாது. நேராத்தான் போகும். முன்னாடி ஒண்ணு மறைச்சா பின்னாடி இருக்குறதுக்கு நெழல் விழும், அங்க பெயிண்ட் ஏறாது. எல்லாமே பார்ட்ட எப்படித் தொங்க விடுறோம்ங்கறதுலதான் இருக்கு. நெருக்கித் தொங்கவிட்டா நெறைய ஓட்டலாம்னு புதுசா வர்றவன் நெனைப்பான். அத்தனையும் ரிஜெக்ட் ஆயி திரும்பி வரும்.” பெயிண்ட் சீறும் நாசில் அடைத்தால் எப்படிக் கண்டுபிடிப்பது, சத்தத்திலேயே எப்படித் தெரியும் என்றெல்லாம் சொன்னாய். எனக்குப் பெருமையாக இருந்தது. என் பிள்ளை ஒரு துளி போகும் பாதையை இவ்வளவு யோசிக்கிறானே என்று. சொல்லி முடித்து, அந்த அப்பளத்தை ஒரு கடி கடித்து, மீதியைத் தட்டிலேயே போட்டு, தட்டை மேசையிலேயே வைத்துவிட்டுக் கை கழுவப் போனாய்.

ஆக, உனக்குத் தெரியும். சம்பளம் வாங்குவதே அது தெரிந்ததற்காகத்தான். முன்னால் ஒன்று மறைத்தால் பின்னால் ஏறாது என்று ஓசூரில் மற்றவர்களை அதட்டுகிறவன், பெரம்பலூரில் தூணின் தலையில் தாம்பாளத்தைக் கவிழ்க்கிறான். ஓசூரில் நாசில் சத்தம் கேட்கிற காதுக்கு இங்கே இரைச்சல் கேட்கவில்லை. சமையலறை வாசலுக்கு வந்ததும், செருப்பைக் கழற்றிப் போடுவதுபோல, படித்ததையெல்லாம் வெளியே கழற்றிப் போட்டுவிட்டு வருகிறாய். இதற்கு அறியாமை என்று பெயர் இல்லை. அறியாதவர்கள் மீது எனக்குக் கோபமே வருவதில்லை, முப்பது பிள்ளைகளை தினமும் பார்க்கிறவள் நான். தெரிந்துகொண்டே, இது தன் தகுதிக்குக் கீழான இடம் என்று மூளையை அணைத்து வைக்கிறவர்களைத்தான் என்னால் மதிக்க முடிவதில்லை. அந்த இடத்தில் காலையும் மாலையும் நிற்கிறவர்களை நீ எங்கே வைத்திருக்கிறாய் என்பதும் அதிலேயே தெரிந்துவிடுகிறதல்லவா. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உன் தட்டை இத்தனை வருஷம் எடுத்தவள் நான்தானே என்று நீ கேட்கலாம். எடுத்தேன். அதற்காக இந்தக் கடிதத்தில் அழுது வடிவேன் என்று எதிர்பார்க்காதே. சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்க ஒருவன் அம்மாவிடம் பயிற்சி எடுக்க வேண்டியதில்லை. கார் ஓட்ட நான் உனக்குச் சொல்லித் தரவில்லை, ஓட்டுகிறாய். சேலத்துக்கு வழி நான் சொல்லவில்லை, போய் வருகிறாய். உனக்கு வேண்டியதையெல்லாம் நீயாகவே கற்றிருக்கிறாய். இது வேண்டியதில்லை என்று முடிவு செய்ததும் நீதான்.

சரி, ஓசூர் வீட்டுக்குச் சொல்லிவைத்த மெஷினை வேண்டாம் என்று சொல். தூண் இல்லாதது, மேல்தட்டுக்குப் பின்சுவர் வழியாகத் தண்ணீர் போவது, கீழ்த்தட்டின் கம்பிகள் மடங்குவது, இப்படிப் பார்த்து வாங்கு. கடைக்குப் போகும்போது ஒரு பையில் இட்லிப் பானையையும் பெரிய குண்டானையும் எடுத்துக்கொண்டு போ. விற்கிறவர் சிரிப்பார். சிரிக்கட்டும், பிறகு கதவைத் திறந்து அவரையே வைக்கச் சொல். கையால் இறக்கையைச் சுற்றிப் பார். இடித்தால் வெளியே வந்துவிடு. நிவேதாவைக் கூட்டிக்கொண்டு போ, ஆனால் பில் போடும் இடத்தில் நிறுத்தாதே. அவளிடம் ‘உனக்கு ஹெல்ப்பா இருக்கும்’ என்று ஒருபோதும் சொல்லாதே. நீ சாப்பிட்ட தட்டைக் கழுவுவது அவளுக்குச் செய்யும் உதவி என்றால், அந்தத் தட்டு அவளுடையது என்று யார் முடிவு செய்தது? மெஷின் தேய்க்கும். மிச்சம் வழித்துப் போடுவது, இடம் பார்த்துக் கவிழ்ப்பது, எடுத்து அடுக்குவது, துளையைக் குத்துவது, இதில் எதையும் அது செய்யாது. வேலையில் பாதியை மெஷினுக்குக் கொடுத்துவிட்டு மீதிப் பாதியை அவள் தலையில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, விடுதலை கொடுத்தேன் என்று ஸ்டேட்டஸ் போடுகிறவனாக என் மகன் இருக்கிறான். நான் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருக்க வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லவில்லை என்று சொல்லாதே. சம்பந்தி வீட்டாருக்கு வாழை இலை போடுவதுதான் முறை. உங்கப்பா இப்போதே அரும்பாவூரில் இலைக்குச் சொல்லிவைக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இலை என்றால் சுருட்டி எறிந்துவிட்டு எழுந்துவிடுவீர்கள். எல்லோருக்கும் தட்டு வைக்கப்போகிறேன். சாம்பாருக்குப் பெரிய குண்டான், பாயசத்துக்கு அடிப்பிடிக்கும் பித்தளைப் போகணி வேண்டாம், எவர்சில்வரே போதும், உன்மீது அவ்வளவு கருணை உண்டு. “சம்பந்திக்குத் தட்டுலயா சோறு போடுற?” என்று உங்கப்பா குதிப்பார். குதிக்கட்டும். சாப்பிட்டு முடித்ததும் நான் கை கழுவிக்கொண்டு வந்து ஹாலில் நிவேதா பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். எழுந்திருக்க மாட்டேன். நம் ஹாலில் அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் மெஷின் நேராகத் தெரியும்.

நீ அடுக்குவாயோ, அடுக்காமல் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவாயோ, எனக்குத் தெரியாது. உங்கப்பா வந்து ‘இன்னும் எடம் கெடக்கு’ என்பார், அவர் பேச்சைக் கேட்பாயோ என்னவோ. அடுக்கினால், ஒன்று மட்டும். கதவை மூடுவதற்கு முன்னால் குனி. விரலை விட்டு அந்த இறக்கையை ஒரு சுற்று சுற்றிப் பார். ஓசூரில் செய்வாயே, அதுபோல. பாத்திரம் பளபளவென்று வருகிறதா என்று அவள் பார்க்கப்போவதில்லை. நீ குனிகிறாயா என்றுதான் பார்ப்பாள். அதற்கப்புறம் பஞ்சாங்கத்தைக் கையில் எடுப்பதா வேண்டாமா என்பது அவள் இஷ்டம். அவள் என்னிடம் கேட்ட கேள்விக்கு நான் வாயைத் திறக்கப்போவதில்லை.

அம்மா